அப்பா கையால் ஒரு வாய்: கரையோரத்து அப்பாக்களின் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைக்குப் பால், சோறு கொடுப்பது பற்றி அப்பாக்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். பாம்பனில் ஆரம்பித்து தொண்டி வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. இந்தக் கரையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போய்ப் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பாம்பன்: அக்கா, பிள்ளை பிறந்து 20 நாள். தாய்ப்பால் மட்டும்தான். இதில் எனக்கு என்ன வேலை இருக்கு?

நிறைய இருக்கிறது தம்பி. ராத்திரி பிள்ளை சிணுங்கினால் முதலில் எழுவது நீங்களாக இருங்கள். துணி மாற்றி அம்மாவிடம் கொடுங்கள், குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி ஏப்பம் வரவையுங்கள். பால் கொடுக்க உட்கார்ந்ததும் அவருக்குத் தாகம் எடுக்கும், ஒரு செம்புத் தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பெரிய வேலை ஒன்று இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நாக்கில் இனிப்பு தடவிச் சேனை வைக்கிறேன், தேன் தொட்டு வைக்கிறேன், வெயிலுக்கு ஒரு சங்கு தண்ணீர் கொடு என்பார்கள். அவர்களைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் தேவையான தண்ணீர் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. தேன் 1 வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் குடலில் வளர்ந்து உடம்பையே துவளவைத்துவிடும். இதைப் பெற்றவள் சொன்னால் வாயாடி என்பார்கள், நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அது நியாயமில்லைதான், ஆனாலும் சொல்லுங்கள். பால் பத்தவில்லை என்று யாராவது பயமுறுத்தினால் உடனே டப்பாப் பால் வாங்க ஓட வேண்டாம். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

சின்னப்பாலம்: வீட்டில் பாசி எடுக்கத் தீவுக்குப் போகிறார். பிள்ளைக்கு 7 மாசம், அன்றைக்கெல்லாம் என்னிடம்தான். பாட்டில் வாங்கலாமா?

பாட்டில் வேண்டாம். குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர் நம் ஊர், அந்த ரப்பரை ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைத்துக் கழுவுவது நடக்கிற காரியமில்லை. பால் பாட்டிலையும் பச்சைப்பிள்ளைக்கான பால் பவுடரையும் விளம்பரம் செய்யவே 1992-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

படகு ஏறும் முன் அவர் ஒரு தடவை பால் கொடுத்துவிட்டு, கொதிநீரில் கழுவிய மூடி போட்ட கிண்ணத்தில் கொஞ்சம் பீய்ச்சி வைக்கட்டும். நம் ஊர்ச் சூட்டுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், நேரத்தைச் சுவரில் எழுதிவிடுங்கள். அடுப்பில் வைத்துச் சுடவைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கி, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துப் பாலாடையில், அதாவது சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், உதட்டில் முட்டக் கொடுத்தால் பிள்ளை தானே நக்கி எடுத்துக்கொள்ளும். கூடவே பருப்பு போட்டுக் குழைத்த சோறு, ஒரு சொட்டு எண்ணெயோடு, நாளைக்கு 2 அல்லது 3 வேளை. மிக்சியில் அடித்துத் தண்ணீராக்க வேண்டாம், கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்கிற பதம் போதும். அங்கன்வாடி சத்துமாவு வாங்குகிறீர்களா? அதையும் கிண்டிக் கொடுங்கள்.

தங்கச்சிமடம்: மீன் எப்போது கொடுக்கலாம்? முள்ளுக்குப் பயந்து வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

6 மாதம் முடிந்ததும் மெல்ல ஆரம்பிக்கலாம். நகரை, விளமீன் மாதிரி சதைப்பற்றுள்ள மீனாக எடுங்கள். சாளையும் சூடையும் சத்துதான், ஆனால் பொடிமுள் அதிகம், கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம். சுறா மாதிரி பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் இப்போது வேண்டாம்.

தெற்குவாடியில் ஒரு அப்பா மகளுக்கு ஊட்டியதைப் பார்த்தேன். வலை பின்னிப் பின்னி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. உப்பு, மிளகாய் போடாமல் வேகவைத்த மீனைத் தட்டில் உதிர்த்து, ஒவ்வொரு துணுக்கையும் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மூன்று தடவை நசுக்கிப் பார்த்த பிறகுதான் சோற்றில் சேர்த்தார். மயிரிழை முள் ஒன்று அகப்பட்டது, அதை எடுத்துத் தட்டு விளிம்பில் தனியாக ஒட்டிவைத்தார். அந்தப் பொறுமை உள்ளவர் வீட்டில் முள்ளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மீன் அறுத்துப் பழகிய கை உங்களுக்கும் இருக்கிறது.

தேவிபட்டினம்: ஆம்பளை சோறூட்டுறதா என்று அம்மா சிரிக்கிறாங்க.

சிரிக்கட்டும். பிள்ளை அப்பா கையில் முழுக் கிண்ணம் சாப்பிடுவதை நாலு நாள் பார்த்தால் அவர்களே கிண்ணத்தை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார்கள்.

தொண்டி: 10 மாதப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. சோற்றை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஓஆர்எஸ் பெரிய பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கலந்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், கண் குழிவு, குடிக்க முடியாத சோர்வு, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கீழக்கரை: துபாயிலிருந்து லீவில் வந்திருக்கேன். மகனுக்கு 14 மாதம், உம்மா கையில்தான் சாப்பிடுவான், நான் நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

மனசு வலிக்கும், தெரியும் தம்பி. அவன் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, பழக்கமில்லாத கை என்று சொல்கிறான். முதல் சில நாள் ஊட்டாதீர்கள், அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அப்புறம் உங்கள் தட்டில் ஒரு துண்டு இட்லியை அவன் எடுக்கிற மாதிரி ஓரமாக வையுங்கள். எடுப்பான். வாயைப் பிடித்துத் திணிக்கவோ போனைக் காட்டி ஏமாற்றவோ வேண்டாம், வாயை மூடிக்கொண்டால் அந்த வேளை போதும் என்று எழுந்துவிடுங்கள். இந்த வயதில் ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம், நாளைக்கு 3 அல்லது 4 வேளை, நடுவில் பசித்தால் வாழைப்பழம். காலை ஒரு வேளை மட்டும் உங்களுடையது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள், உம்மா அந்த நேரம் அடுப்படிப் பக்கம் இருக்கட்டும். திரும்பிப் போன பிறகும் அதே நேரத்துக்கு வீடியோவில் கூப்பிட்டு, அங்கே நீங்கள் சாப்பிடுவதை அவன் பார்க்கும்படி உட்காருங்கள்.