மருத்துவபீடம் கிடைக்காத மகளும் பெண்கள் நல ஆய்வும்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி காணாது, கர்ப்பகாலம், பிரசவம், மாதவிடாய் நிற்கிற பருவம் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் வேலை செய்யப்போகிறேன் என்று நிற்கிறா, "அது ஒரு வேலையோ?" என்று கேட்கிறீர்கள். வேலைதான். ஆனால் நேரே போய் ஏறுகிற வேலை இல்லை.

முதலில் அதன் தேவையைச் சொல்கிறேன். கர்ப்பிணிகள் எடுத்த தலிடோமைட் என்ற மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த பிறகு, கர்ப்பமாகக்கூடிய பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சொன்னது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். இன்றைக்கும் கர்ப்பிணி ஒருத்தி "இந்தக் குளிசையைப் போடலாமோ டொக்டர்?" என்று கேட்டால், பல மருந்துகளுக்கு உறுதியான மறுமொழி இல்லை.

ஆய்வு செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வைப் பாருங்கள். பிள்ளை பிறந்த பிறகு போகிற இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்லுவார்கள். நான்கு ஆபிரிக்க நாடுகளில் 80 வைத்தியசாலைகளை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் தாய்க்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். அளவு கூடினதும் சிகிச்சைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிராமல் ஒருமிக்கக் கொடுத்தார்கள். கடும் இரத்தப்போக்கும் அதனால் வரும் சத்திரசிகிச்சையும் மரணமும் சேர்ந்து 60 வீதம் குறைந்தன. பக்கத்தில் நின்று அளந்ததும் எழுதினதும் பேராசிரியர்கள் அல்ல, மருத்துவிச்சிகளும் தாதியரும்தான்.

உங்கள் வயதுப் பெண்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹோர்மோன் சிகிச்சை பற்றிய பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதியை, நன்மையைவிட ஆபத்துக் கூட என்று 2002இல் இடையில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் பயந்து மருந்தை விட்டார்கள். சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், ஐம்பதுகளில் தொடங்குகிறவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு என்பதும் பிறகுதான் பலருக்கு உறைத்தது.

மகள் செய்யப்போகிற வேலை பெரும்பாலும் ஆட்களோடும் கடதாசியோடும்தான். பிரசவ வலியில் துடிக்கிறவளிடம் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. ஆகவே முன்னமே கிளினிக் நாளில், வாங்கிலில் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்த வேண்டும். கூட வந்த மாமி "ஓம், அவ செய்வா" என்று முந்திவிடுவா. மாமியை நோகடிக்காமல் அந்தப் பிள்ளையின் வாயாலேயே மறுமொழி எடுக்க வேண்டும். மாட்டேன் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று அவள் நம்ப வேண்டும். பிறகு பதிவு. பிழையாக எழுதினால் டிப்பெக்ஸ் பூசக்கூடாது. பழைய எழுத்துத் தெரிய ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், திகதி. அவசரக்காரருக்கு இது சரிவராது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றும் இருக்கின்றன. பெண்கள் நலம்தான் விருப்பம் என்றால் தாதியியல் என்பேன். ஆய்வு வேலைகள் கூடுதலாக ஒப்பந்தத்தில்தான் வரும், திட்டம் முடிய வேலையும் முடியும், நிறுவனங்களும் கொழும்புப் பக்கம்தான் அதிகம். தாதியாக அரச நியமனம் கிடைத்தால் அது கையில் இருக்கும்.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு 'மருத்துவ ஆய்வு டிப்ளோமா' தருகிற தனியார் வகுப்புகளுக்கு இப்போது காசு கட்டாதீர்கள். பட்டம் இல்லாமல் அந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்வது? ஆய்வு நெறிமுறை பற்றிய ஜீசிபி பயிற்சியை இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. எந்த வைத்தியசாலையில் என்ன நடக்கிறது என்று மகளையே தேடச் சொல்லுங்கள். எல்லாம் மருந்துப் பரிசோதனை என்றும் இல்லை. ரஜரட்டப் பல்கலைக்கழகம் 2019இல் அநுராதபுர மாவட்டத்துக் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றைத் தொடங்கியது. அதையும் வாசிக்கட்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை மகளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து திகதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.