கரும்பில் 271: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதுச்சேரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். வீடு நெல்லிக்குப்பம் பக்கம், கரும்புதான் பயிர். மழைக்குப் பிறகு வயலில் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் வந்துவிட்டது. விதைக்கரணையை (நடுவதற்கு வெட்டும் தண்டுத்துண்டு) மால்டி இமேஜிங்கில், அதாவது சீவலை லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, எழும் அயனிகளின் நிறையை வைத்து எந்தப் பொருள் எங்கே என்று படமாக்கும் முறையில் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே பூஞ்சையைப் பிடித்துவிடலாம் என்று ப்ராஜெக்ட் எழுதியிருக்கிறேன். சரிவருமா?

க., நெல்லிக்குப்பம்

அன்புள்ள க.,

கருவி சரிதான், கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் படத்தில் பெரும்பாலும் பூஞ்சை தெரியாது. பூஞ்சைக்குக் கரும்பு கொடுக்கும் பதில்தான் தெரியும். செவ்வழுகல் பூஞ்சையான கொலட்டோட்ரைக்கம் ஃபால்காட்டம் நுழைந்த இடத்தில் கரும்பு லுட்டியோலினிடின், அபிஜெனினிடின் என்ற செந்நிறப் பொருள்களைச் சுரக்கிறது. இரண்டும் இயல்பிலேயே நேர்மின்னூட்டம் உள்ளவை என்பதால் மால்டியில் சுலபமாகக் கிடைக்கும். கருவி அளக்கும் நிறை எண்ணில் (m/z) முன்னது 271.06இல் வரும், பின்னது 255.07இல்.

இந்த 271தான் பொறி. அபிஜெனின் என்ற வேறொரு தாவரப் பொருள் புரோட்டான் ஏற்றால் அதுவும் அதே இடத்தில்தான் விழும். இரண்டுக்கும் கார்பன் 15, ஹைட்ரஜன் 11, ஆக்சிஜன் 5. எவ்வளவு விலை கொடுத்த கருவியானாலும் நிறையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. அபிஜெனின் சேர்மங்களோ நோயில்லாத கரும்பிலும் உண்டு. அதனால் திசுவின் மேலேயே எம்எஸ்/எம்எஸ் (அயனியை உடைத்துத் துண்டுகளின் நிறையைப் பார்ப்பது) எடுங்கள். 153, 119 துண்டுகள் எழுந்தால் அபிஜெனின் இருக்கிறது என்று பொருள். இரண்டின் ஸ்டாண்டர்டையும் (தூய மாதிரிப் பொருள்) அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, தண்டுத்துளைப்பான் புழு குடைந்தாலும் கரும்பு சிவக்கும், வெறும் காயத்துக்கும் சிவக்கும். நோயில்லாத தண்டு, கிருமிநீக்கிய ஊசியால் குத்திய தண்டு, பூஞ்சை செலுத்திய தண்டு ஆகிய மூன்றும் ஒரே ரகம், ஒரே வயது, ஒரே கணுவிடையாக (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) இருக்கட்டும். இரண்டாவதாகச் சொன்ன ஊசி குத்திய தண்டு இல்லாவிட்டால் ப்ராஜெக்டே இல்லை.

மாதிரி தயாரிப்பில்தான் பாதி வேலை கெடும். முழுக் கணுவிடையை திரவ நைட்ரஜனில் போட்டால் வெடித்துவிடும். பட்டையைச் சீவிவிட்டு 5 முதல் 8 மி.மீ. துண்டாக்கி, நைட்ரஜன் ஆவியில் மெல்ல உறைய வையுங்கள். உறைந்த திசுவை வெட்ட வழக்கமாகப் பயன்படுத்தும் ஓ.சி.டி. பசையில் பொதிக்காதீர்கள், அதிலுள்ள பாலிமர் மற்ற சிக்னல்களை எல்லாம் அமுக்கிவிடும். ஜெலட்டின் போதும். கரும்புச் சாறு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் பிசுபிசுத்து பிளேடில் ஒட்டினால் மைனஸ் 25க்கு இறக்கி, 20 முதல் 30 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். நார் கிழிந்துகொண்டு வந்தால், மின்கடத்தும் இருபக்க டேப்பில் சீவலை எடுத்து ஐ.டி.ஓ. ஸ்லைடில் (மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி) ஒட்டலாம்.

நீங்கள் படிக்கும் புதுச்சேரி கடலோரம் என்பதை மறந்துவிடாதீர்கள். உறைந்த ஸ்லைடை அப்படியே வெளியே எடுத்தால் நொடியில் வியர்க்கும், அந்த ஈரத்தில் சர்க்கரையும் நிறமியும் கரைந்து ஓடிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள்ளேயே அறை வெப்பநிலைக்கு வரட்டும். பிறகு வெற்றிடத்தில் அரை மணி நேரம் உலர்த்துங்கள்.

லேசர் ஒளியை உறிஞ்சி அயனியாக்க உதவும் மேட்ரிக்ஸை சீவலின் மேல் தெளிக்க வேண்டும்; அதற்கு டி.எச்.பி. (டைஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலம்) போதும். மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம், 70 சதவீத மெத்தனாலில். தெளிப்பு நனைய நனைய இருக்கக் கூடாது. இருந்ததா என்பதைச் சுக்ரோஸே காட்டிக்கொடுக்கும். சோடியத்தோடு 365.11, பொட்டாசியத்தோடு 381.08. சீவலின் விளிம்பில் அது கத்தரித்தாற்போல் நிற்க வேண்டும். வெளியே வளையமாகக் கசிந்திருந்தால் அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள், உள்ளே தெரியும் எந்தப் படத்தையும் நம்ப முடியாது.

அதே சுக்ரோஸ் கணக்கிலும் விளையாடும். அழுகிய இடத்தில் பூஞ்சை சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. மொத்த அயனி எண்ணிக்கையால் வகுத்து நார்மலைஸ் செய்தால், பெரிய சிக்னல் விழுந்த இடத்தில் மற்றதெல்லாம் தானாக உயர்ந்தது போலக் காட்டும். நோய்ப்பகுதி பிரகாசிப்பதைப் பார்த்து மகிழ்வதற்கு முன், நார்மலைஸ் செய்யாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேட்ரிக்ஸோடு உள் ஸ்டாண்டர்டு ஒன்றைச் சீராகத் தெளித்து அதனால் வகுப்பது இன்னும் நல்லது.

பூஞ்சையையே பார்த்தாக வேண்டும் என்றால் பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. மால்டியில் அது சரியாக அயனியாகாது. மெல்லிய வெள்ளிப் படலம் பூசினால் 503.24, 505.24 என ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரட்டைச் சிகரம் வரும். வெள்ளியின் இரண்டு ஐசோடோப்புகள் அவை. ஆனால் கரும்பில் குடியிருக்கும் வேறு பூஞ்சைக்கும் எர்கோஸ்டெரால் உண்டு. படம் எடுத்த பின் மேட்ரிக்ஸைக் கழுவி, அதே சீவலை ட்ரிப்பான் நீலத்தில் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் இழைகளைப் பாருங்கள். 50 மைக்ரான் படப்புள்ளியில் சில மைக்ரான் அகல இழை தனியாகத் தெரியாது. ஒரு சதுர செ.மீ.க்கே அந்த அளவில் 40,000 புள்ளிகள். நொடிக்கு 10 புள்ளி ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

விதைக்கரணைச் சோதனைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சீவல் என்பது கரணையின் ஒரே ஒரு இடம். பூஞ்சை அடுத்த கணுவில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு பூஞ்சையின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். இருக்கிறது. வயலுக்கு அரிவாள் போதும்: பிளந்தால் சிவப்பின் நடுவே குறுக்காக வெண்திட்டுகள், புளித்த சாராய வாடை. கருவியை வேறு கேள்விக்கு வையுங்கள். எளிதில் நோய்ப்படும் ரகத்திலும் தாங்கும் ரகத்திலும் 3, 5, 7ஆம் நாட்களில் 271 எவ்வளவு தூரம் பரவுகிறது? செவ்வழுகலில் அடிபட்ட கோ.சி. 671 என்ற கரும்பு ரகம் முதல் வகைக்குப் பொருந்தும். தாங்கும் ரகத்தைக் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பூஞ்சை செலுத்துவதை உங்கள் வீட்டு வயலில் மட்டும் செய்துவிடாதீர்கள். வெட்டிய தண்டு, சீவிய பட்டை, கழுவிய தண்ணீர் எல்லாம் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே குப்பைக்குப் போகட்டும்.