தடுப்பூசி போட்ட பிறகு குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. இது அலர்ஜியா? அடுத்த ஊசி போடலாமா?

ஊசி போட்டு எத்தனை மணி நேரத்தில், அல்லது எத்தனை நாள் கழித்துத் தடிப்பு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என் மகளுக்கு வந்தபோது டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். நான் முழித்தேன், தடுப்பூசி அட்டையைப் புரட்டித்தான் பதில் சொன்னேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டில் தமிழ். இங்கே புதன்கிழமைதான் குத்திவைப்பு, அதாவது தடுப்பூசி. முதலில் சளி, பிறகு ஊரில் மாரியம்மன் நோம்பி என்று ஒன்பதாம் மாதத்து எம்.ஆர். ஊசி (தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடுவது) தள்ளிக்கொண்டே போய், பாப்பா தத்தித் தத்தி நடக்கிற வயதில்தான் போட்டோம். அன்றும் மறுநாளும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் வியாழன் மேலு சுட்டது. வெள்ளிக்கிழமை முகத்திலும் நெஞ்சிலும் பொடிப்பொடியாகச் சிவப்பு.

அமுச்சி (என் அம்மாவைப் பெற்றவர்) பார்த்தவுடன் "மணல்வாரிங் கண்ணு" என்று வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டுச் சேச்சி "அஞ்சாம்பனி" என்றார். வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "நேத்து முட்டை குடுத்தியே, அதுதான்."

அமுச்சியும் சேச்சியும் சொன்னது தட்டம்மையைத்தான், அது ஒருவகையில் சரிதான். அந்த ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த தட்டம்மைக் கிருமி. அது உடம்புக்குள் பெருகி, எதிர்ப்பு கிளம்ப ஒரு வாரம் ஆகும். அதனால் 7 முதல் 12 நாளுக்குள் காய்ச்சலும் இப்படிப் புள்ளியும் வரலாம். 20 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்றார் டாக்டர். அலர்ஜி இல்லை, மற்ற குழந்தைக்குத் தொற்றாது. எடைக்குத் தக்க பாரசிட்டமால் மட்டும் கொடுத்தோம், மூன்றாம் நாள் மறைந்துவிட்டது.

அலர்ஜித் தடிப்பு எப்படி இருக்கும் என்பதையும் பிறகு பார்த்துவிட்டேன். சில மாதம் கழித்து அரைவேக்காட்டு முட்டை கொடுத்த கால் மணி நேரத்தில் உதடு தடித்து, முதுகெல்லாம் கொசு கடித்த மாதிரி மேடுமேடாக எழும்பியது. சொறிந்து சொறிந்து அழுதாள். ஒரு இடத்தில் அமுங்கினால் வேறு இடத்தில் கிளம்பும். இந்த முறை வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. அதைச் சொல்லிக் காட்ட அவருக்கு ஒரு வாரம் போதவில்லை.

ஒன்றரை வயதில் அடுத்த எம்.ஆர். வந்தபோது எனக்குக் கையெல்லாம் நடுக்கம். முட்டை ஆகாத குழந்தைக்கு இதைப் போடலாமா? போடலாம் என்றார் டாக்டர். பொன்னுக்குவீங்கியையும் சேர்த்துத் தடுக்கிற எம்.எம்.ஆர். ஊசிக்குத் தட்டம்மைக் கிருமியைக் கோழிக்கருவின் செல்லில் வளர்ப்பதுண்டு, அதில்கூட முட்டைப் புரதம் இம்மியளவுதான் மிஞ்சும், அதனால் முட்டை அலர்ஜி இந்த ஊசிகளுக்குத் தடையில்லையாம். ஊசியே ஒத்துக்கொள்ளாமல் போனால் ஜெலட்டின், நியோமைசின் போன்ற சேர்மானங்களைத்தான் முதலில் சந்தேகிப்பார்களாம். போட்டோம். எல்லோரையும் அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள், நான் கேட்டு ஒரு மணி நேரம் இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த அரை மணி நேரத்தை மட்டும் ஏமாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். கடுமையான அலர்ஜி பத்து லட்சம் டோஸில் ஒன்று என்ற கணக்கில்தான் வரும், வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். தடிப்போடு வாந்தி, மூச்சில் விசில் சத்தம், குரல் கம்முவது, குழந்தை துவண்டு விழுவது என்றால் தொடையில் அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். அலர்ஜிக்குக் கொடுக்கிற செட்டிரிசின் சிரப்பை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிற விஷயம் இல்லை அது. அப்படி ஒருமுறை வந்த குழந்தைக்கு அதே ஊசியை மறுபடி போடலாமா என்பதை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான ஊசி) போட்ட தொடை ஓரிரு நாள் சிவந்து கட்டியாக இருப்பது வேறு, அது தானாக வடியும்.

எல்லாவற்றையும் ஊசி தலையில் கட்டவும் முடியாது. 2022 மே மாதம் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் வந்தபோது, வாளையாறு செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டுக்காரர்கள் குழந்தைகளின் கை காலைப் பார்த்துத்தான் விட்டார்கள். கை, கால், வாயில் கொப்புளம் என்றால் அந்த வகைத் தொற்றாக இருக்கலாம். இந்த வயதில் மாதம் ஒரு வைரஸ் வருகிறது, ஊசிக்கு மறுவாரம் வந்தால் பழி ஊசிக்கு.

தடிப்பு தெரிந்தவுடன் போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போவதற்குள் மறைந்துவிடும். முட்டை சங்கதியை சிஸ்டர் எங்கள் அட்டையில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது, பொள்ளாச்சி டாக்டருக்கும் தெரியவில்லை. கீழே தமிழில் நானே எழுதிவிட்டேன்.