களைந்த அரிசியில் ஒரு பிடி

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கிராமம், எனக்கு 36 வயது. வீட்டுக்காரர் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார், நடவு, களை என்றால் நானும் வயலில் இறங்குவேன், மற்ற நாளில் வீட்டிலேயே தையல். மகள் ஏழாவது, காலை 7.10க்கு மன்னார்குடி வேன். மகன் இரண்டாவது, உள்ளூர் அரசுப் பள்ளி, அங்கே காலைச் சாப்பாடு உண்டு, ஆனால் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்று வீட்டிலேயே ஊட்டி அனுப்புகிறேன். மாமியாருக்கு முட்டிவலி. நாலரைக்கு எழுந்தால் படுக்கப் பத்தரை ஆகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயந்திரம் தலைவலி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். என் தங்கை யோகா பண்ணு, வாக்கிங் போ, உனக்கென்று நேரம் ஒதுக்கு என்கிறாள். எங்கேயிருந்து ஒதுக்குவது? எனக்கென்று இருக்கும் ஒரே சந்தோஷம், அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்வதுதான்!

பதில்: அந்தக் கடைசி வரியைச் சிரிப்புக்காக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேகாத அரிசி, சாம்பல், சுவர் மண் என்று எதையாவது மெல்லத் தோன்றுவது ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். அதோடு மூச்சு வாங்கல், தலைவலி, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வருகிறது. யோகாவைத் தங்கச்சியே பண்ணட்டும், நீங்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இதுதான் நிலைமை, அதனால் "எனக்கென்ன, நான் நல்லாத்தானே நடமாடுகிறேன்" என்று நினைக்க வேண்டாம், நடமாடிக்கொண்டேதான் இருப்போம் நாம். டாக்டரிடம் இரண்டு விஷயத்தை விடாமல் சொல்லுங்கள்: மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பது ஒன்று, வெறுங்காலோடு வயலில் இறங்குகிறேன் என்பது இன்னொன்று. ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு கால் வழியாக உள்ளே போய்க் குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும், அதற்கு மாத்திரை தனி. தைராய்டும் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள், அது சத்தைச் சேரவிடாது, எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள். நம்பர் ஏறிய பிறகும் டாக்டர் சொல்லும் வரை சாப்பிட வேண்டும்.

சரி, நேரத்துக்கு வருவோம். ஜூனில் நம் பக்கத்தில் மேட்டூர் அணையும் பள்ளிக்கூடமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் திறக்கும். பிள்ளைக்கு நோட்டுக்கு அட்டை போடுகிற வாரத்தில்தான் நாற்றங்காலும். காலாண்டுப் பரீட்சைக்குக் குறுவை அறுப்பு, ஐப்பசி கார்த்திகையில் யூனிஃபார்ம் காயாமல் விடிகாலையில் இஸ்திரிப்பெட்டியை வைத்து ஆவி பறக்கத் தேய்ப்பது, தை மாசியில் சம்பா அறுப்பு, அது முடிகிறபோது முழுப்பரீட்சை. டவுனில் இருக்கிறவர்கள் சொல்லும் யோசனை நமக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் நாளில் புதிதாக ஒன்றைச் செருக இடமில்லை. அதனால் ஒன்றை எடுங்கள்.

முதலில் மகனுடைய காலைச் சாப்பாடு. அரசுப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை காலை உணவு உண்டு. இந்தத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்ததே நம் திருக்குவளையில், 2023 ஆகஸ்டில். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகப் போடுகிறார்கள். நீங்களோ அவனுக்கு வீட்டில் ஊட்டி அனுப்புகிறீர்கள், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று. என்ன சொல்வார்கள்? அவன் கூடப்படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், நீங்கள் ஊட்டுகிற அந்த இருபது நிமிஷம் மிச்சம்.

அந்த இருபது நிமிஷத்தில் நீங்கள் சாப்பிட வேண்டும். உட்கார்ந்து, தட்டில் போட்டு. நம் வீடுகளில் கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோகும் முதல் தோசை யாருக்கு? கடைசியில் மாவு வழித்து ஊற்றும் குட்டித் தோசை யாருக்கு? டிபன் பாக்ஸில் திரும்பி வரும், ஓரம் காய்ந்துபோன மூன்று இட்லி யாருக்கு? நானும் பத்து வருஷம் அந்த மூன்று இட்லியைத்தான் சாயந்திரம் நாலு மணிக்கு மதியச் சாப்பாடு என்று சாப்பிட்டேன், வீணாக்கக் கூடாதே என்று. மிஞ்சினது கோழிக்குப் போகட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரையும் ஒரு முட்டையும் உங்கள் தட்டிலும் விழட்டும், பிள்ளைகளுக்கு மட்டும் அவித்து வைக்காதீர்கள்.

மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்ட கால் மணி நேரம் ஆகிறதா? பன்னிரண்டு வயதுக்கு அவளே பின்னலாம். ஒரு மாதம் வகிடு கோணலாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அதே நாளில் மகனுக்கும் அவன் டிபன் பாக்ஸை அவனே கழுவிவைக்கச் சொல்லிக் கொடுங்கள், அவளுக்கு மட்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூடக் குறை எழுதவில்லை, அதனால் நானும் வம்பு பேசவில்லை. வயலுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு டீக்கு வருகிறார் இல்லையா, பையனைக் குளிப்பாட்டிப் பள்ளியில் விடுவது இனி அவர் வேலை. "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், உதவி என்றால் ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை. தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று அவர் கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்!

இன்னொன்று. என் அம்மா தினமும் குடமுருட்டிப் படித்துறைக்குத் துணி துவைக்கப் போவாள். வேலைதான், முதுகு ஒடியும், ஆனால் அங்கே நாலு பெண்கள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மாமியாரிலிருந்து மாட்டு வைத்தியம் வரை பேசித் தீர்த்துவிட்டுத்தான் வருவார்கள். இப்போது துணியை மிஷின் துவைக்கிறது, நல்லதுதான், அந்தப் பேச்சுதான் போய்விட்டது. சாயந்திரம் வேனுக்குக் காத்து நிற்கும் மற்ற அம்மாக்களோடு பத்து நிமிஷம் நின்று பேசுங்கள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.

பிள்ளைகளைத் திட்டியதற்கு ரொம்பக் குமைய வேண்டாம், ஆறினதும் "அம்மா கத்தினது தப்பு" என்று சொன்னால் போதும். ஆனால் காரணமில்லாமல் அழுகை வருகிறது, படுத்தாலும் தூக்கம் பிடிக்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசாங்க மனநல உதவி எண்தான், காசில்லை, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.

ஊருக்குள் பஸ் வருகிறதென்றால் வெள்ளைப் பலகைப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக அந்தச் சாக்கும் வேண்டாம். இந்த வாரமே போங்கள், ரத்தம் எத்தனை கிராம் என்று வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.