கொத்தனார்கள் திரும்பிவந்த மாதம்

அன்புள்ள ஐயா,

கிரூஸ் மாவட்டத்தில் உங்கள் கிராமத்தில் கழிந்த கிறிஸ்துமஸ் விடுமுறையைப் பற்றிய குறிப்பை வாசித்தேன். பத்து நாட்களாக வாசல் பக்கம் ஒரு வண்டிகூட வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிரான்சின் கிறிஸ்துமஸ் என்றாலே விளக்கலங்காரமும் மரக்குடில் சந்தைகளும்தான் என் நினைவுக்கு வருகின்றன. உங்கள் ஊரின் அமைதி, நகரங்கள் தொலைத்துவிட்ட பழைய கிராம வாழ்வின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படங்களில் பார்த்திருக்கும் சந்தை பெரும்பாலும் ஸ்ட்ராஸ்பூர்கினுடையதாக இருக்கும். 1570 முதல் நடந்துவரும் அது, ஜெர்மனியை ஒட்டிய கிழக்கு எல்லையின் வழக்கம். நான் இருப்பது நாட்டின் நடுவே, கருங்கல் வீடுகளும் மேய்ச்சல் நிலங்களுமான மேட்டுப்பகுதி. இங்கே டிசம்பர் இறுதியில் காலை எட்டரைக்குப் பிறகுதான் சூரியன் தலைகாட்டும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் போய்விடும்.

அமைதியைப் பழைமையின் மிச்சம் என்கிறீர்கள். இங்கே குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மையில் இந்த ஊருக்குப் பழைய குளிர்காலம்தான் ஆண்டிலேயே கலகலப்பான காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரூஸின் ஆண்கள் ஆயிரக்கணக்கில் மார்ச் மாதவாக்கில் கொத்துவேலைக்குப் பாரிசுக்கும் லியோனுக்கும் கிளம்பிச் சென்று, உறைபனியில் சுண்ணாம்புக் கலவை பிடிக்காமல் வேலை நின்றுபோகும் காலத்தில், நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ, சம்பாத்தியத்துடன் ஊர் திரும்பினார்கள். இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சூப்ரபோவில் 1815இல் பிறந்து, 1830இல் பதினான்கு வயதில் தந்தையுடன் அப்படிக் கிளம்பிய மர்த்தேன் நதோ, பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். கொடுக்கல் வாங்கல், பெண் பார்ப்பது, திருமணம் எல்லாம் அந்த மூன்று மாதங்களுக்குள் முடிந்தாக வேண்டும். இரவில் அக்கம்பக்கத்தார் ஒரே வீட்டின் கணப்பைச் சுற்றி அமர்ந்து செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டுத் தின்றபடி பாரிசுக் கதைகளைக் கேட்பார்கள். கதைகளில் பாதி பொய்யாகத்தான் இருந்திருக்கும். வெளியூர் போய் வந்தவன் சொல்வதைச் சரிபார்க்க யாரால் முடியும்?

ரயில் வந்தபின் கொத்தனார்கள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு நகரத்திலேயே தங்கினார்கள். பின்னர் முதல் உலகப் போர் ஒரு தலைமுறை இளைஞர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1851இல் ஏறக்குறைய 2,87,000 பேர் இருந்த மாவட்டத்தில் இன்று 1,20,000 பேர்கூட இல்லை. அன்று கோடையில் ஆண்களின்றி வெறிச்சோடிய ஊர், இன்று ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே நிறைகிறது. எங்கள் தெருவின் பதினொரு வீடுகளில் டிசம்பரில் சன்னலின் மரக்கதவு திறந்திருப்பவை மூன்று. நீங்கள் வியக்கும் அமைதி என்பது பூட்டிய எட்டு வீடுகள்.

தனிமையா என்றால், முழுக்க அப்படியும் சொல்வதற்கில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் ஊராட்சியிலிருந்து இருவர், எழுபது வயது கடந்தவர்களுக்கெல்லாம் ஒயின், சாக்லேட், பாத்தே என்னும் இறைச்சி விழுது வைத்த பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஒரே பாதிரியார் பல ஊர்களைப் பார்த்துக்கொள்வதால், எங்கள் தேவாலயத்தில் நள்ளிரவுப் பூசை கிடையாது. கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தை இங்கே 'மிட்டாய்க்காரர்களின் போர்நிறுத்தம்' என்பார்கள். 1874 டிசம்பரில், அரசியலமைப்பைப் பற்றிக் கடுமையாக மோதிக்கொண்டிருந்த முடியாட்சிக்காரர்களும் குடியரசுவாதிகளும், பண்டிகை வியாபாரம் கெடாதிருக்க விவாதத்தை ஒத்திவைத்ததிலிருந்து வந்த பெயர். எங்கள் ஊரில் மிட்டாய்க் கடையே இல்லை. போர்நிறுத்தம் மட்டும் உண்டு.

என் நாட்களின் பெரும்பகுதி விறகுடன் போகிறது. ஓக் மரம் பிளந்து இரண்டு ஆண்டுகளாவது காய வேண்டும். காய்ந்ததா என்றறிய இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டு மூதாட்டி. காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமுள்ளது 'தொப்' என்று அடங்கிவிடும். முதல் ஆண்டில் அவசரப்பட்டு வாங்கிய ஈர விறகு, கட்டையின் முனையில் நுரை கக்கி, கணப்பின் கண்ணாடியையும் கரியாக்கியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கம்பளிக் குல்லாயுடன்தான் எழுதினேன்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டாரும் கூடி, மூன்று அரசர்களின் பெயரால் செய்யும் பாதாம் பூரணம் வைத்த தட்டைக் கேக்கை வெட்டுகிறோம். அதனுள் ஒரு சிறு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். எந்தத் துண்டு யாருக்கு என்று, கூட்டத்தில் இளையவர் மேசைக்கடியில் புகுந்து பெயர் சொல்ல வேண்டும். சென்ற முறை புகுந்தது நான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கதவைத் தட்டக்கூடிய ஏழைக்கென்று ஒரு துண்டு அதிகமாக வெட்டும் வழக்கமும் உண்டு. எங்கள் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை. மறுநாள் காலை காபியுடன் அதை நானே தின்றுவிடுகிறேன்.