ஐரோப்பிய நர்சிங் கல்வி புராஜெக்ட்ல சேரணுமா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெர்மனில ஒரு நர்சிங் ஸ்கூல்ல 14 வருஷமா பாடம் எடுக்கறேன், அதுக்கு முன்னாடி வார்டுல வேலை பார்த்தேன். ஐரோப்பிய யூனியன் பணத்துல, பல நாட்டு நிறுவனங்க சேர்ந்து நடத்தின மூணு நர்சிங் கல்வி புராஜெக்ட்ல எங்க ஸ்கூல் பார்ட்னரா இருந்துச்சு, மூணுலயும் முதல் மீட்டிங்ல இருந்து கடைசி ரிப்போர்ட் வரைக்கும் நான் இருந்திருக்கேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்க ஆஸ்பத்திரிலயும் முதியோர் இல்லத்துலயும் நர்சிங் ஸ்கூல்லயும் இருக்காங்க, ஆனா இந்த மாதிரி புராஜெக்ட் டேபிள்ல நம்ம முகத்தை பார்க்கிறது ரொம்ப அபூர்வம். அந்த ஆதங்கத்துலதான் இன்னிக்கு உக்காந்திருக்கேன், கேளுங்க.

நிர்மலா, ஸ்டுட்கார்ட்: அக்கா, எராஸ்மஸ், ஹொரைஸன்னு ரெண்டு திட்டத்தோட பேரு மாத்தி மாத்தி காதுல விழுது. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லம்மா, வேற வேற. எராஸ்மஸ் 1987ல காலேஜ் பசங்க வெளிநாடு போய் படிக்கிறதுக்காக ஆரம்பிச்சது. தொழிற்கல்விக்குன்னு லியோனார்டோ டா வின்சின்னு தனியா ஒரு திட்டம் 1995ல இருந்து ஓடிட்டு இருந்துச்சு, 2014ல எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து எராஸ்மஸ் பிளஸ்னு பேர் வெச்சாங்க. 2021ல இருந்து 2027 வரைக்கும் அதுக்கு ஒதுக்கினது சுமார் 2,600 கோடி யூரோ. ஹொரைஸன் ஐரோப்பாங்கறது முழுக்க ஆராய்ச்சிக்கு, அதே ஏழு வருஷத்துக்கு முதல்ல ஒதுக்கினது 9,550 கோடி யூரோ. புரியற மாதிரி சொல்லணும்னா, ஒரு வார்டுல எத்தனை நர்ஸ் இருந்தா நோயாளி பிழைப்பாங்கன்னு கண்டுபிடிக்கறது ஹொரைஸன் வேலை, அந்த நர்ஸுக்கு எப்படி பாடம் சொல்லிக் குடுக்கறதுன்னு நாலு நாட்டு டீச்சருங்க கூடி உக்காந்து பேசறது எராஸ்மஸ் பிளஸ் வேலை. எங்கள மாதிரி ஸ்கூலுங்க முக்கால்வாசி ரெண்டாவதுலதான் இருப்போம்.

ராஜேஷ், வியன்னா: எங்களோடது சின்ன டிரெயினிங் சென்டர், மொத்தமே 6 ஸ்டாஃப். எங்களுக்கெல்லாம் இது சரிப்படுமா? எவ்வளவு பணம் வரும்?

தாராளமா சரிப்படும், உங்கள மாதிரி இடத்துக்குன்னே சின்ன அளவு பார்ட்னர்ஷிப்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ரெண்டு நாட்டுல இருந்து ரெண்டு நிறுவனம் இருந்தா போதும், 30,000 இல்ல 60,000 யூரோ, அதிகபட்சம் 2 வருஷம். முதல் தடவைன்னா இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு அடிச்சு சொல்வேன். அடுத்தது பெரிய கூட்டு பார்ட்னர்ஷிப், அதுக்கு குறைஞ்சது 3 நாடு 3 நிறுவனம், பணம் 1,20,000, 2,50,000, 4,00,000னு மூணு படி. அதுக்கும் மேல தொழிற்கல்வி சிறப்பு மையங்கள்னு ஒண்ணு இருக்கு, 4 வருஷம், 40 லட்சம் யூரோ வரைக்கும், ஆனா 4 நாட்டுல இருந்து 8 பார்ட்னராவது வேணும், அத இப்ப நினைக்க வேண்டாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. இப்பல்லாம் பணம் மொத்தமா ஒரு தொகைன்னு பேசி குடுக்கறாங்க, ஒவ்வொரு பில்லையும் கேக்கறதில்ல, ஆனா சொன்ன வேலை முடியலன்னா அந்த வேலைக்குண்டான காசை வெட்டிருவாங்க. அதனால புரொபோசல்ல ஆசைக்கு எழுதாதீங்க, 6 பேர் செய்ய முடியறத எழுதுங்க.

கவிதா, ஆன்ட்வெர்ப்: நேராவே கேக்கறேன் அக்கா. இத்தனை கோடி செலவு பண்றாங்களே, நோயாளிக்கு இதனால ஏதாவது ஆகியிருக்கா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆர்என்ஃபோர்காஸ்ட்னு ஒரு புராஜெக்ட், நீங்க இருக்கற பெல்ஜியத்துலயே லூவென் பல்கலைக்கழகம்தான் தலைமை, 12 ஐரோப்பிய நாடு, 2009ல ஆரம்பிச்சு 3 வருஷம் நடந்துச்சு. வார்டுல வேலை பார்க்கற நர்ஸுங்ககிட்டயே போய், கடைசி ஷிப்ட்ல எத்தனை நோயாளியை பார்த்தீங்க, எந்த வேலையை செய்ய நேரமில்லாம விட்டீங்கன்னு கேட்டாங்க. ஒரு நர்ஸுக்கு நார்வேல சராசரியா 5 பேர் சொச்சம், ஜெர்மனில 13 பேர்னு வந்துச்சு. நான் வார்டுல இருந்த காலத்த நினைச்சுப் பார்த்தேன், அந்த 13ங்கறது எனக்கு புதுசா தெரியல, ஆனா அது ஒரு அட்டவணைல பிரிண்ட் ஆகி மத்த நாட்டுக்கு பக்கத்துல நின்னப்பதான், இது நம்ம வார்டோட தலையெழுத்து இல்ல, நிர்வாகம் எடுத்த முடிவுன்னு உறைச்சுது.

அதோட பெரிய முடிவு 2014ல லான்செட் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. 9 நாடு, 300 ஆஸ்பத்திரி, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட, 50 வயசும் அதுக்கு மேலயும் ஆன 4,22,730 பேரோட பதிவு. ஒரு நர்ஸ் தலைல கூடுதலா ஒரு நோயாளி ஏறினா, அட்மிட் ஆன 30 நாளுக்குள்ள நோயாளி இறக்கற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. இன்னொன்னு, டிகிரி படிச்ச நர்ஸுங்களோட பங்கு 10 சதவீதம் கூடினா அதே வாய்ப்பு 7 சதவீதம் குறையுது. இது தொடர்பு இருக்குன்னு காட்டற ஆய்வு, இதனாலதான் அதுன்னு நூத்துக்கு நூறு நிரூபிக்கற ஆய்வு இல்ல, அதையும் சொல்லிடணும். ஆனாலும் ஆள் போடுங்கன்னு நிர்வாகத்துக்கிட்ட கேக்கறப்ப வெறும் புலம்பலா இல்லாம கைல ஒரு நம்பர் இருக்கு. ஒரே ஒரு நாட்டுல பண்ணியிருந்தா, உங்க ஊர் வேற எங்க ஊர் வேறன்னு தட்டிக் கழிச்சிருப்பாங்க. பல நாடு சேர்ந்து பண்றதோட அருமை அங்கதான் இருக்கு. அதே லூவென் குழு பின்னாடி மேக்னட்ஃபோர்யூரோப்னு 2020ல இன்னொண்ணு ஆரம்பிச்சு, 60க்கு மேல ஆஸ்பத்திரில நர்ஸ், டாக்டரோட வேலைச் சூழலையும் மனநலத்தையும் எப்படி சரி பண்றதுன்னு வேலை பார்த்தாங்க.

சுதன், பேர்கன்: வணக்கம் அக்கா. நான் நோர்வேயில ஹெல்சபாக்ஆர்பைடரா, அதாவது நர்ஸுக்கு உதவியா நிண்டு பராமரிக்கிற ஆளா வேலை செய்யிறன், ரெண்டு வருசம் பள்ளிக்கூடம், ரெண்டு வருசம் அப்ரெண்டிஸ் எண்டு முடிச்சனான். ஒவ்வொரு நாட்டிலயும் இந்த வேலைக்கு ஒவ்வொரு பேர், ஒவ்வொரு படிப்பு. இப்பிடி இருக்கேக்க எல்லா நாட்டுக்கும் பொதுவா ஒரு பாடத்திட்டம் எப்பிடி எழுதுறீங்கள்?

தம்பி, எங்க ரெண்டாவது புராஜெக்ட் கிட்டத்தட்ட உடைஞ்சதே இந்த இடத்துலதான். நர்ஸுக்கு பிரச்சனை கம்மி, ஏன்னா 2005ல வந்த ஐரோப்பிய சட்டம் ஒண்ணு இருக்கு, குறைஞ்சது 3 வருஷம், 4,600 மணி நேரம், அதுல பாதியாவது நோயாளி பக்கத்துல நின்னு கத்துக்கணும்னு எல்லா நாட்டுக்கும் பொதுவா வரையறுத்திருக்கு. பெரும்பாலான நாட்டுல அது காலேஜ் டிகிரி, ஜெர்மனில இன்னமும் முக்கால்வாசி பேர் அவுஸ்பில்டுங்ல, அதாவது வேலையோட சேர்ந்த தொழிற்பயிற்சில படிச்சு வர்றாங்க, ஆனா மணிக்கணக்கு ஒண்ணுதான். உங்கள மாதிரி உதவி நிலைல இருக்கறவங்களுக்கு அந்த சட்டம் கிடையாது. 8 படி உள்ள ஐரோப்பிய தகுதி ஏணின்னு ஒண்ணு 2008ல கொண்டு வந்தாங்க, அது உங்க சர்டிபிகேட் எந்த உயரத்துல இருக்குன்னு சொல்லும், உங்க கை என்ன செய்யலாம்னு சொல்லாது.

லூப்லியானால ஒரு மீட்டிங். நீளமான மேஜை, 4 நாட்டு டீச்சருங்க. இன்சுலின் பேனா ஊசியை உதவியாளர் போடலாமா கூடாதான்னு ஒரு கேள்வி வந்துச்சு. பின்லாந்து டீச்சர், எங்க லாஹிஹொய்தயா, அதாவது எங்க ஊர் உதவி நிலை ஆளுங்க, தனி டிரெயினிங் எடுத்து வேலை இடத்துல பர்மிஷன் வாங்கிட்டா போடுவாங்கன்னாங்க. இன்னொருத்தர், எங்க ஊர்ல தொட்டாலே வேலை போயிடும்னாங்க. அரை நாள் இதுலயே போச்சு, காபி ஆறிப் போய் கெடந்துச்சு, எல்லாருக்கும் மூஞ்சி இறுகிடுச்சு. அப்ப ஸ்லோவேனியா டீச்சர் ஒருத்தங்க எந்திரிச்சு போய் சுவத்துல ஒரு பெரிய காகிதத்தை ஒட்டி எழுதினாங்க: ஒரு அம்மா, வயசு 78, ரத்தத்துல சர்க்கரை 68 (கம்மி), காலை சாப்பாட்டு தட்டு அப்படியே இருக்கு, கை வேர்த்திருக்கு, இன்சுலின் பேனா ரெடியா மேஜைல இருக்கு. இப்ப ரூமுக்குள்ள முதல்ல நுழையற உதவியாளர் என்ன பண்ணணும்னு எங்க பக்கம் திரும்பினாங்க. ஊசி போடக்கூடாது, உடனே நர்ஸை கூப்பிடணும், அந்த அம்மாவை விட்டு நகரக்கூடாதுன்னு நாலு நாடும் ஒரே குரல்ல சொல்லிச்சு.

அதுக்கப்புறம் யாருக்கு என்ன அதிகாரம்னு பேசறத விட்டுட்டு, கண்ணால என்ன பார்க்கணும், பார்த்ததை யார்கிட்ட எந்த வார்த்தைல சொல்லணும்னு 12 சம்பவம் எழுதினோம். அதிகாரம் பத்தி ஒவ்வொரு நாடும் அவங்கவங்க சட்டப்படி ஒரு பக்கம் சேர்த்துக்கிட்டாங்க. அந்த 78 வயசு அம்மா சம்பவத்தை நான் இன்னிக்கும் முதல் வருஷ பசங்களுக்கு நடத்தறேன். நீங்க எழுதறதா இருந்தாலும் வார்டுல நடக்கற ஒரு காலைப் பொழுதுல இருந்து ஆரம்பிங்க தம்பி, பாடத்திட்டம் தானா வரும்.

அருண், ரோட்டர்டாம்: ரெண்டு தடவை அப்ளை பண்ணோம், ரெண்டு தடவையும் ரிஜெக்ட். எங்க தப்புன்னே புரியல.

உங்க புரொபோசலை பார்க்காம இதான்னு சொல்ல முடியாது, ஆனா மார்க் போடற முறையை முதல்ல பாருங்க. 100க்கு குறைஞ்சது 60 வாங்கணும், அதோட நாலு தலைப்புலயும் தனித்தனியா பாதி மார்க்காவது வேணும். ஒண்ணுல கோட்டை விட்டாலும் அவுட். பார்ட்னர்ஷிப்புக்கு 20 மார்க் இருக்கு, நிறைய பேர் விடறது அங்கதான், கடைசி வாரத்துல யாருக்கோ மெயில் அனுப்பி ஒரு நாட்டுப் பேரை சேர்த்துக்கறது படிக்கறவங்களுக்கு பட்டுனு தெரிஞ்சுடும், அந்த பார்ட்னருக்குன்னு ஒரு வேலையும் இருக்காது, எல்லா பக்கத்துலயும் 'ஆதரவு அளிப்பார்'னு மட்டும் இருக்கும்.

எங்க முதல் புராஜெக்ட் செலக்ட் ஆச்சு, நல்ல மார்க்தான், ஆனா அதுல செஞ்ச மொபைல் ஆப் புராஜெக்ட் முடிஞ்ச 8 மாசத்துல செத்துப் போச்சு. சர்வருக்கு யார் காசு கட்டறதுன்னு யாரும் யோசிக்கல, மாணவர்களைக் கூப்பிட்டு இது உங்களுக்கு வேணுமான்னு கேட்டது மூணாவது வருஷத்துலதான். எனக்கு இன்னமும் அது வலிக்குது, அது பொது ஜனங்களோட வரிப் பணம். அதனால எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு மாணவரையும் ஒரு வார்டு நர்ஸையும் மேஜைக்கு கூப்பிடுங்க. புராஜெக்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் நீங்க செஞ்சது எங்க இருக்கும், அத யார் பார்த்துக்குவாங்கன்னு ஒரு பாரா பேரோட எழுதுங்க. ரிஜெக்ட் பண்ணப்ப வந்த மதிப்பீட்டு கமெண்ட்டை வரிக்கு வரி படிச்சீங்களா? அதுல பதில் இருக்கும்.

மீனா, சூரிக்: மாணவர்களை பேட்டி எடுக்கணும், வார்டுல வீடியோ எடுக்கணும்னு நினைக்கறோம். பர்மிஷன் எப்படி?

வார்டுல வீடியோ வேண்டாம்மா. ஸ்கூல்ல இருக்கற ஸ்கில்ஸ் லேப்ல நடிச்சு எடுங்க, அதுவே போதும். பேட்டின்னா எழுத்துல சம்மதம் வாங்கணும், எதுக்கு எடுக்கறோம், எத்தனை வருஷம் வெச்சிருப்போம், எப்ப வேணா வேணாம்னு சொல்லலாம்னு அவங்க மொழில இருக்கணும். 2018 மே மாசத்துல இருந்து ஐரோப்பிய யூனியன்ல தனிநபர் தகவல் சட்டம் கண்டிப்பா இருக்கு, சுவிஸ்ல தனி சட்டம், ரெண்டையும் பார்த்துக்கணும். இன்னொன்னு, மார்க் போடற டீச்சரே மாணவர்கிட்ட சம்மதம் கேக்கக்கூடாது, பாவம் அந்தப் பிள்ளை எப்படி மாட்டேன்னு சொல்லும்?

பேராசிரியர் ஒருவர், மதுரை: எங்கள் நர்சிங் கல்லூரி இதில் சேர முடியுமா?

சேரலாம் சார், ஆனா வாசல் வேற. கூட்டு பார்ட்னர்ஷிப்ல இந்தியக் கல்லூரி தலைமை ஏத்து அப்ளை பண்ண முடியாது, நீங்க வந்தாதான் இந்த வேலை நடக்கும்னு காரணம் காட்டினா பார்ட்னரா வரலாம். உங்களுக்கு பொருத்தமானது எராஸ்மஸ் பிளஸ்லயே உயர்கல்விக்கான திறன் வளர்ப்பு திட்டம், அதுல ஆசிய நாடுகளுக்கு இடம் இருக்கு, இந்தியாவும் உண்டு. ஹொரைஸன்ல சேர்ந்து வேலை செய்யலாம், ஆனா அந்த அழைப்புல தனியா சொல்லியிருந்தா ஒழிய இந்திய நிறுவனத்துக்கு வழக்கமா அங்கிருந்து பணம் வராது. இலங்கைல இருந்து யாராவது படிச்சுட்டு இருந்தா அவங்களுக்கு சொல்றேன், ஹொரைஸன்ல பணம் கிடைக்கற நாடுங்க பட்டியல்ல உங்க நாடு இருக்கு, உங்க பல்கலைக்கழகத்துல, கேட்டுப் பாருங்க. தனி ஆளா ஆராய்ச்சின்னா மேரி கியூரி ஃபெல்லோஷிப்னு ஐரோப்பிய யூனியன் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கு, அதுக்கு எந்த நாட்டுக்காரங்களும் போடலாம்.

லதா, எஸ்ஸன்: என் பொண்ணு நர்சிங் அவுஸ்பில்டுங் ரெண்டாவது வருஷம். அவ வெளிநாட்டுல கொஞ்ச நாள் வேலை கத்துக்க முடியுமா?

முடியும் லதா. 10 நாள்ல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் போகலாம், பயணத்துக்கும் தங்கறதுக்கும் உதவித்தொகை உண்டு. ஆனா அவ தனியா அப்ளை பண்ண முடியாது, ஸ்கூல் மூலமாத்தான் போகணும். ஸ்கூல் எராஸ்மஸ்ல பதிவு பண்ணியிருக்கான்னு கேக்கச் சொல்லுங்க, அங்க செய்யற மணி நேரம் இங்க கணக்குல வருமான்னு போறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கச் சொல்லுங்க.

சுதன், பேர்கன்: அக்கா இன்னுமொரு கேள்வி. நாங்கள் செய்ய நினைக்கிறதை வேற ஆக்கள் முதலே செய்திட்டினமோ எண்டு எங்க பார்க்கிறது?

எராஸ்மஸ் பிளஸுக்கு புராஜெக்ட் முடிவுகள் தளம் ஒண்ணு இருக்கு, ஹொரைஸனுக்கு கார்டிஸ்னு ஒரு தளம். தொழிற்கல்வி பத்தி நாட்டு வாரியா விவரம் வேணும்னா கிரீஸ்ல தெசலோனிக்கில இருக்கற செடெஃபாப்னு ஐரோப்பிய யூனியனோட தொழிற்கல்வி அமைப்பு போடற அறிக்கைங்கள பாருங்க. டிமென்ஷியா பராமரிப்பு, முதியோர் வார்டுல மொழிப் பிரச்சனைன்னு தேடினீங்கன்னா குவியலா வரும். அதுல பிடிச்ச ரெண்டு எடுத்து அதுல வேலை பார்த்தவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க, எது ஓடுச்சு, எது ஓடலன்னு கேளுங்க. நான் கேட்டப்ப பெரும்பாலும் மனசு விட்டு பதில் எழுதினாங்க, எங்க மூணாவது புராஜெக்டோட போர்ச்சுகல் பார்ட்னர் அப்படி ஒரு மெயில்லதான் கெடச்சாங்க.