விசில் ஊதும் முன்பே வயிறு புரட்டுகிறது

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தருமபுரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கூடைப்பந்து ஆடித்தான் இடம் கிடைத்தது. போன வருடம் நன்றாக ஆடியதால் ஊர் முனையில் பேனர் வைத்தார்கள். ரயில்வே வேலை உறுதி என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இப்போது ஆட்டத்துக்கு முன் வாந்தி, படபடப்பு. பயிற்சியில் பத்துக்கு எட்டு ஃப்ரீ த்ரோ (கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல் வளையத்துக்குள் எறிவது) போடுகிறவன் போட்டியில் கோட்டைவிடுகிறேன். மாத்திரை இருக்கிறதா டாக்டர்?

பதில்: மாத்திரைக்குப் பிறகு வருகிறேன், தம்பி. முதலில் நெஞ்சு. படபடப்பு ஆட்டத்துக்கு முன் வந்து, ஓடத் தொடங்கியதும் அடங்கினால் பெரும்பாலும் பதற்றம்தான். ஓடும்போதே மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தாலும், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்கும்வரை களத்தில் இறங்காதீர்கள். ரத்த அளவையும் தைராய்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

வாந்திக்குக் காரணம் எளிது. பயந்த உடம்பு அட்ரினலினைச் சுரந்து, வயிற்றுக்குப் போகும் ரத்தத்தைக் கால்களுக்குத் திருப்பிவிடுகிறது. செரிமானம் நின்றுபோய், உள்ளே இருப்பது மேலே வருகிறது. களி உருண்டை நல்ல சாப்பாடுதான், நானும் அதில் வளர்ந்தவன், ஆட்டத்தன்று வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னதாக நாலு இட்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். டின்னில் வரும் எனர்ஜி பானம் குடிக்கிறீர்களா? எழுதவில்லை, ஆனால் பெரும்பாலான பையன்கள் குடிக்கிறார்கள். அதிலிருக்கும் காஃபின் படபடப்பையும் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும்.

ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து பலகைக்கு 4.6 மீட்டர், வளையம் 3.05 மீட்டர் உயரம். பயிற்சியிலும் அதே அளவுதான், மறிக்க ஆளும் இல்லை. பிறகு ஏன் தவறுகிறது? பழகிய கை தானாகவே எறியும். ‘இது போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்’ என்று நினைத்த மறுகணம் நீங்கள் உங்கள் மணிக்கட்டையே கவனிக்கத் தொடங்குகிறீர்கள். எந்தக் காலை எந்தப் படியில் வைக்கிறோம் என்று யோசித்தபடி மாடிப்படி இறங்கிப் பாருங்கள், தடுமாறுவீர்கள். நடுவர் பந்தைத் தந்ததும் உங்களுக்கு ஐந்து நொடி உண்டு. இரண்டு தட்டு, நீளமாக ஒரு மூச்சு வெளியே, கண் வளையத்தின் பின்விளிம்பில், எறி. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது, நண்பர்களைக் கத்தச் சொல்லிவிட்டுப் பழகுங்கள். அமைதியான மைதானத்தில் போடும் எட்டு, போட்டிக்கு உதவாது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. கோப்பையை வென்ற அணியில் ஆடிய கெவின் லவ், 2017 நவம்பரில் ஓர் ஆட்டத்தின் நடுவே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, களத்தைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு அதை வெளிப்படையாக எழுதினார். மனநல ஆலோசகரிடமும் போனார்.

இந்த வரிகளை அப்பாவிடம் காட்டுங்கள். ஐயா, பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ரயில்வே வேலையைப் பற்றி அடுத்தவர் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிப் பழகுங்கள். பேனரைக் கழற்றச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை; இருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது மாத்திரை. நடுக்கத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் இதயத்துடிப்பையும் குறைக்கும். ஓடியாடும் ஆட்டத்துக்கு அது பொருந்தாது, ஆஸ்துமா இருந்தால் ஆபத்து. பதற்றத்துக்கான தூக்க மாத்திரை கையை மந்தமாக்கி, பழக்கத்திலும் தள்ளும். நண்பன் கொடுத்தான் என்று எதையும் விழுங்காதீர்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். ஆட்டமே வெறுத்துப்போய், வாழவே பிடிக்காத எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்க வேண்டாம்; அன்றே அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள்: வாந்தி வந்த நாள், அன்று சாப்பிட்டது, தூங்கிய நேரம். இரண்டு வாரக் குறிப்பு போதும்.